ஜான்சன்: ஒரே கையால் வாக்குரிமை, அதே கையால் வியட்நாம். எப்படி எடைபோடுவது?

வைகைக்கரை:

அமெரிக்காவின் சி-ஸ்பான் தொலைக்காட்சி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரலாற்றாசிரியர்களிடம் கேட்டு அதிபர்களை வரிசைப்படுத்தும். பத்துத் தலைப்புகளில் மதிப்பெண் வாங்கிக் கூட்டுவார்கள். 2021 பட்டியலில் 1963 முதல் 1969 வரை அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனுக்கு 11-ஆவது இடம். 'அனைவருக்கும் சம நீதி' என்ற தலைப்பில் மிக மேலே இருக்கிறார், வெளியுறவில் மிகக் கீழே. கூட்டினால் 11 வந்துவிடுகிறது. இந்தக் கூட்டலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, அதற்காகவே இந்த இழை.

1965 மார்ச்சை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஆம் தேதி வடக்கு வியட்நாம் மீது 'ரோலிங் தண்டர்' என்ற தொடர் குண்டுவீச்சு தொடங்குகிறது. 7-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அலபாமா மாநிலம் செல்மாவில், ஓட்டுரிமை கேட்டு எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்துவந்த கறுப்பின மக்களைப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் அடித்து நொறுக்குகிறது. 8-ஆம் தேதி காலை தெற்கு வியட்நாமின் தா நாங் கடற்கரையில் 3,500 அமெரிக்க மரைன் வீரர்கள் இறங்குகிறார்கள். நேர வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தால், செல்மாவின் காட்சிகள் அமெரிக்க வீடுகளில் டிவியில் ஓடிய அதே இரவு அது. 15-ஆம் தேதி ஜான்சன் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன்னால் நின்று, போராட்டக்காரர்களின் முழக்கத்தையே தன் வாயால் சொல்லி வாக்குரிமைச் சட்டம் கேட்கிறார்.

அதே ஆண்டு ஜூலை 28, வியட்நாமில் படைபலத்தை 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவிப்பு. ஜூலை 30, முதியோருக்கான மெடிகேர் சட்டத்தில் கையெழுத்து. ஆகஸ்ட் 6, வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்து. பத்து நாளுக்குள் மூன்றும்.

என் கேள்வி இதுதான். மிசிசிப்பியில் முதன்முறையாக ஓட்டுப்போட்ட ஒரு கறுப்பினக் கிழவிக்குக் கிடைத்த நன்மையை, குவாங் நாம் மாகாணத்தில் வீடு எரிந்த ஒரு குடியானவனின் இழப்பிலிருந்து கழிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? லாபம் ஒருவருக்கு, நஷ்டம் வேறொருவருக்கு. அந்தக் குடியானவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கூட்டிக் கழித்து 11 என்று எழுதுகிறவர் யாருடைய சார்பில் எழுதுகிறார்? ஜான்சனுக்கு இரண்டு தீர்ப்பு எழுத வேண்டும், இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

டல்லாஸ்_முத்து:

நல்ல இழை அண்ணே. ஆனால் நான் கொஞ்சம் ஜான்சன் பக்கம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் நான் இருப்பதற்கே அவர் போட்ட ஒரு கையெழுத்துதான் காரணம். 1965 அக்டோபர் 3, சுதந்திர தேவி சிலையின் அடியில் வைத்துக் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன் எந்த நாட்டில் பிறந்தவன் என்பதை வைத்து ஒதுக்கீடு. இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு 100 பேர், அதுவும் 1946-க்கு அப்புறம் கிடைத்தது. இன்றைக்கு டல்லாஸில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் உட்கார்ந்து எழுத்து பழகுகிறார்கள் என்றால் அதன் வேர் அங்கேதான்.

எடைபோடுகிறவர்கள் மறக்கிற இன்னொன்று, அவர் எங்கிருந்து வந்தார் என்பது. 1937-இல் காங்கிரசுக்குப் போனவர் அடுத்த இருபது ஆண்டுகள் எந்த சிவில் உரிமை மசோதாவுக்கும் ஓட்டுப் போடவில்லை. 1949-இல் செனட்டில் அவருடைய முதல் பெரிய பேச்சே தெற்கத்தி செனட்டர்கள் இழுத்தடித்துப் பேசும் உரிமையைக் காக்கத்தான், அதாவது கறுப்பினத்தவருக்கான சட்டங்களைத் தடுக்கும் ஆயுதத்தைக் காக்க. அப்படிப்பட்டவர் 1964-இல் தன் அரசியல் குருவும் தெற்கத்தி செனட்டர்களின் தலைவருமான ரிச்சர்ட் ரஸ்ஸலையே எதிர்த்து நின்று அந்த ஆயுதத்தை உடைத்தார். ஜூன் 10-ஆம் தேதி விவாதத்தை முடிக்கும் ஓட்டெடுப்பு 71-29. செனட் வரலாற்றில் சிவில் உரிமை மசோதா ஒன்றுக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. கென்னடி 1963 ஜூனில் கொண்டுவந்த மசோதா, அவர் கொல்லப்பட்ட நவம்பரில் வர்ஜீனியாக்காரர் ஹோவர்ட் ஸ்மித்தின் விதிகள் குழுவில் முடங்கிக் கிடந்தது. கென்னடி அழகாகப் பேசினார், ஜான்சன் ஒவ்வொரு உறுப்பினராகத் தொலைபேசியில் பிடித்து வேலையை முடித்தார். செயல்திறன் என்று பார்த்தால் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்து இவர்தான்.

சோழமண்டலம்:

முத்து தம்பி சொல்வதோடு நான் ஒத்துப்போகிறேன், இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். செயல்திறனைத் தனியாகவும் அறத்தைத் தனியாகவும் வைத்துப் பேசுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல மனது வைத்துக்கொண்டு சட்டம் ஒன்றையும் நிறைவேற்றத் தெரியாதவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கஷ்டப்படுகிறவனுக்கு என்ன கிடைக்கும்? பின்னால் அதிபரான ஜிம்மி கார்ட்டரை எல்லாரும் உத்தமர் என்கிறோம். அவர் கட்சிக்கே இரு அவைகளிலும் பெரும்பான்மை இருந்தது, ஆனாலும் தேசிய மருத்துவக் காப்பீடு வரவில்லை. ஜான்சன் பேரம் பேசுவார், மிரட்டுவார், முகத்துக்கு நேரே குனிந்து நின்று ஆளை மூச்சுத் திணற வைப்பார், ஒருவனுக்கு அணை, இன்னொருவனுக்கு நீதிபதி பதவி. அந்த அழுக்கு வேலையை யாராவது செய்தால்தான் ஏழைக்கு மருந்து வரும்.

தோழர்_கதிர்:

அழுக்கு வேலை என்றதும் ஒரு பெயர் நினைவுக்கு வருகிறது. ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பியில் பருத்திக் காட்டுக் கூலிக் குடும்பத்துப் பெண். ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யப் போனதற்காக வேலை பார்த்த பண்ணையிலிருந்து விரட்டினார்கள், 1963-இல் வினோனா சிறையில் அடித்த அடியில் வாழ்நாள் முழுக்க உடம்பு சரியாகவில்லை.

1964 ஆகஸ்ட் 22, அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியிலிருந்து வந்த வெள்ளையர் மட்டும் உள்ள அணிக்குப் பதிலாகத் தங்கள் அணியை ஏற்க வேண்டும் என்று ஹேமர் தகுதிக் குழு முன் சாட்சி சொல்கிறார். நேரலை. சிறையில் என்ன நடந்தது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை மாளிகையில் ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார், கேமராவெல்லாம் அங்கே போகட்டும் என்று. போயின. அவசரமாகச் சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை. தெற்கத்தி வெள்ளையர் ஓட்டு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். அன்று இரவே டிவி நிறுவனங்கள் ஹேமரின் பேச்சை மறுபடி முழுசாக ஒளிபரப்பியதால் நாடே பார்த்தது. கடைசியில் அந்த அணிக்கு ஒப்புக்கு இரண்டு இருக்கை தருகிறோம் என்றார்கள், அவர்கள் வேண்டாம் என்று திரும்பினார்கள்.

சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகாதபோது நடந்தது இது. எனவே 'ஜான்சன் கொடுத்தார்' என்று எழுதாதீர்கள் முத்து. செல்மா பாலத்தில் மண்டை உடைந்தவர்கள், அலபாமாவின் பர்மிங்ஹாமில் தண்ணீர்ப் பீரங்கிக்கு முன்னால் நின்ற பிள்ளைகள், அவர்கள் வாங்கினார்கள். அதிபர் கையெழுத்துப் போடும் நிலைக்குத் தள்ளப்பட்டார்.

டல்லாஸ்_முத்து:

தள்ளினார்கள் என்பது உண்மைதான் தோழர், மறுக்கவே இல்லை. ஆனால் ஐசன்ஹோவரையும் தள்ளினார்கள், கென்னடியையும் தள்ளினார்கள். தள்ளியபோது நகர்ந்தவர் யார் என்பதும் ஒரு அளவுகோல்தானே? வாக்குரிமைச் சட்டம் வருமுன் மிசிசிப்பியில் ஓட்டுரிமை வயதில் இருந்த கறுப்பினத்தவரில் பதிவு செய்திருந்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை. 1967-இல் அது 60 சதவீதத்தை நெருங்கிவிட்டது. காகிதத்தில் 1870-இலேயே 15-ஆம் திருத்தம் இருந்தது. மத்திய அரசின் பதிவாளர்களை மாவட்டம் மாவட்டமாக அனுப்பும் அதிகாரத்தைச் சட்டத்துக்குள் வைத்ததால்தான் இரண்டே ஆண்டில் அந்த எண் ஏறியது.

மலர்விழி:

நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள், அதனால் மெடிகேர் பக்கம் இருந்து ஒன்று சொல்கிறேன், இது அதிகம் பேசப்படாத விஷயம்.

1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் இனத்தால் பாகுபாடு காட்டக் கூடாது. சரி, மெடிகேர் 1966 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. முதியோர் சிகிச்சைக்கான அரசுப் பணம் எல்லா மருத்துவமனைக்கும் பாயப் போகிறது. இரண்டையும் ஜான்சன் அரசு சேர்த்து முடிச்சுப் போட்டது: வார்டைப் பிரித்து வைத்திருக்கிறாயா, பணம் கிடையாது. அதுவரை தெற்கில் கறுப்பின நோயாளி அடித்தளத்து வார்டில் கிடப்பார், அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். ரத்தத்தைக்கூடப் பிரித்து வைத்த மருத்துவமனைகள் இருந்தன. கறுப்பின மருத்துவர் உள்ளே வந்து தன் நோயாளியைப் பார்க்க முடியாது. அரசு ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய் வார்டு வார்டாக நடந்து பார்த்தார்கள். பல இடங்களில் உள்ளூர்க் கறுப்பின ஊழியர்களே ரகசியமாகத் தகவல் கொடுத்தார்கள், ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் படுக்கைகளை மாற்றிப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று. பத்தாண்டுக்கு மேலாகப் பள்ளிக்கூடங்களில் நடக்காதது மருத்துவமனைகளில் சில மாதங்களில் நடந்தது. பெரும்பாலான மருத்துவமனைகள் ஜூலைக்குள் பணிந்துவிட்டன.

எனக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. உருக்கமான உரை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பணத்தை எங்கே நிறுத்தினால் வலிக்கும் என்று தெரிந்த ஒருவர் மேலே இருந்தார். சோழமண்டலம் ஐயா சொல்லும் செயல்திறன் இதுதான் என்றால் அதற்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

ஆனாலும் வைகைக்கரை கேட்ட கேள்விக்கு இது பதில் ஆகாது. மருத்துவமனையில் பிழைத்த குழந்தை ஒன்று, நாபாம் தீக்குண்டு விழுந்து கருகிய குழந்தை வேறொன்று.

புதுவை_அருண்:

இந்தியப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1965-67இல் இங்கே அடுத்தடுத்து மழை பொய்த்தது, பிகாரில் பஞ்சம். பி.எல்.480 என்ற உணவு உதவித் திட்டத்தில் அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் சாப்பாடு. ஜான்சன் ஆண்டுக்கணக்கு ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டு, மாதா மாதம் தானே பார்த்துத் தானே அனுமதிக்கிற முறையைக் கொண்டுவந்தார். கயிற்றை இழுத்துப் பிடிப்பது என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். வடக்கு வியட்நாமின் தலைநகர் ஹனோய் மீதான குண்டுவீச்சை இந்தியா கண்டித்தால் அடுத்த கப்பல் தாமதம். பசியில் இருக்கும் நாட்டை இப்படி நடத்தியது எந்தத் தராசில் வைத்தாலும் கேவலம்.

சோழமண்டலம்:

அருண், அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 1966-இல் அமெரிக்காவில் விளைந்த கோதுமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்குத்தான் வந்தது, அதையும் அனுப்பியவர் அதே ஜான்சன். அப்போது நம் சி. சுப்பிரமணியம் மத்திய உணவு, வேளாண் அமைச்சர். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமேனோடு உட்கார்ந்து, இந்தியா விவசாயத்தில் இன்னின்ன முதலீடு செய்யும் என்று ஒப்பந்தம் போட்டார். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வந்திறங்கியது. கயிற்றை இழுத்ததால்தான் டெல்லி விழித்துக்கொண்டது என்று சொல்கிறவர்களும் உண்டு.

புதுவை_அருண்:

ஐயா, சி.எஸ். அந்தப் பொறுப்புக்கு வந்தது 1964-இல். விஞ்ஞானிகளுக்குச் சம்பளம் கூட்டியது, விலை நிர்ணயத்துக்குக் குழு போட்டது, குட்டைரக விதையைச் சோதனை வயல்களில் போட்டுப் பார்த்தது எல்லாம் கயிறு இறுகுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தவை. டெல்லியில் உள்ளே இருந்த எதிர்ப்பைச் சமாளிக்க அந்த நெருக்கடி அவருக்கு உதவியிருக்கலாம், அது வேறு. ஒருவனைப் பட்டினி போட்டு, அவன் பிழைக்க வழி கண்டுபிடித்துவிட்டால் பட்டினி போட்டவனுக்கு நன்றி சொல்வோமா? விளைவு நல்லதாக முடிந்ததால் செயல் நல்லதாகிவிடாது. அதே கப்பலை மிரட்டல் இல்லாமலும் அனுப்பியிருக்க முடியும், அவரிடம் தானியம் இருந்தது.

நெறியாளர்:

விவாதம் அருமையாகப் போகிறது. இப்போது பதவியில் இருப்பவர்கள், அடுத்த தேர்தல் பற்றிய இரண்டு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பழைய அதிபர்கள் மட்டும்.

கீழத்தெரு_ராஜன்:

எல்லாரும் ஜான்சனிலேயே நிற்கிறீர்கள். கார்ட்டரைச் சோழமண்டலம் ஐயா ஒரே வரியில் தள்ளிவிட்டார், அது நியாயம் இல்லை. 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட் என்ற அதிபர் ஓய்விடத்தில் 13 நாள் எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் அடைத்து வைத்து, இருவரும் முகம் பார்க்க மறுத்தபோது இவரே குடிலுக்குக் குடில் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து எகிப்து-இஸ்ரேல் உடன்பாட்டை முடித்தார். அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே அதற்கப்புறம் போர் இல்லை. பனாமா கால்வாயைத் திருப்பிக் கொடுத்தார், செனட்டில் 68-32, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டு அதிகம், உள்நாட்டில் கெட்ட பெயர் வரும் என்று தெரிந்தே செய்தார். 1979-இல் பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கித் தலைவராகப் பால் வோல்க்கரை நியமித்தார், வட்டி ஏறியது, இவர் தேர்தலில் தோற்றார், பலன் ரீகனுக்குப் போனது. இதையெல்லாம் செயல்திறன் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அப்புறம் நரம்புச்சிலந்தி. 1986-இல் கார்ட்டர் மையம் அதைக் கையில் எடுத்தபோது உலகில் ஆண்டுக்கு சுமார் 35 லட்சம் பேருக்கு அந்த நோய். இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. காலில் கொப்புளம் வெடித்து நூல்போல் புழு வெளியே வரும், ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுக்க வேண்டும், நடவு நேரத்தில் குடும்பமே படுத்துவிடும். தடுப்பூசி கிடையாது, மருந்து கிடையாது. குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்ட வேண்டும், புழு வெளிவரும் காலோடு குளத்தில் இறங்கக் கூடாது. இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லி, வடிதுணி கொடுத்து, 2022-இல் உலகம் முழுவதும் 13 பேர் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியா 2000-த்தில் நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

தோழர்_கதிர்:

ராஜன், நரம்புச்சிலந்தி வேலைக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். ஆனால் அது பதவியை விட்டு வந்தபின் செய்தது. அதிபராக இருந்த நான்கு ஆண்டைப் பார்க்கும்போது கிழக்குத் திமோரையும் பார்க்க வேண்டும். மனித உரிமைதான் வெளியுறவின் ஆன்மா என்று பேசிய அதே அரசு, இந்தோனேசிய ராணுவம் திமோர் மக்களைக் கொன்று குவித்த நாட்களில் அதற்கு விமானங்கள் கொடுத்தது. 1980 பிப்ரவரியில் எல் சால்வடாரின் பேராயர் ரொமேரோ, என் நாட்டு ராணுவத்துக்கு உதவி அனுப்பாதீர்கள் என்று கார்ட்டருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் 24 பூசை நடத்திக்கொண்டிருக்கும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உதவி போனது. தனிமனித நேர்மை வேறு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொண்டு செய்தது வேறு. சுவிசேஷம் படிக்கிறவர், ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறவர் என்பதெல்லாம் கிழக்குத் திமோரின் தலைநகர் திலியில் இருந்த தாய்க்கு எந்த வகையில் உதவியது?

டல்லாஸ்_முத்து:

இதே மாதிரி ஒரே ஆள், ஒரே நாள் என்று இன்னொன்று இருக்கிறது. 2003 ஜனவரி 28, அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டுரை. அந்த ஒரே உரையில்தான் ஆப்பிரிக்காவின் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ஐந்தாண்டில் 1,500 கோடி டாலர் என்ற பெப்ஃபார் திட்டத்தை அறிவித்தார். அதே உரையில்தான் இராக் அதிபர் சதாம் ஆப்பிரிக்காவில் யுரேனியம் தேடினார் என்ற, பின்னால் வெள்ளை மாளிகையே உரையில் வந்திருக்கக் கூடாது என்று ஒதுக்கிய வாக்கியமும் வந்தது. பெப்ஃபாரால் 2.5 கோடி உயிர் பிழைத்ததாக அமெரிக்க அரசு கணக்குச் சொல்கிறது. இரண்டு மாதத்தில் இராக் மீது படையெடுப்பு. பிறகு அபு கிரைப் சிறைச் சித்திரவதை.

மலர்விழி:

அந்தக் கணக்கில் நம் ஊர்ப் பங்கும் உண்டு முத்து. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 12,000 டாலர் ஆன மருந்து 300 டாலருக்குக் கீழே வந்துவிட்டது என்று புஷ் அதே உரையில் சொன்னார். விலையை இறக்கியது யார்? 2001-இல் மும்பை சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று முன்வந்தது. அங்கிருந்துதான் விலை சரிந்தது. ஆனால் பெப்ஃபார் ஆரம்பத்தில் இந்திய மருந்துகளை வாங்கத் தயங்கியது, தங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் வேண்டும் என்று நின்றது. விலை குறைந்த மருந்து வாங்க ஆரம்பித்த பிறகுதான் அதே பணத்தில் பல மடங்கு ஆட்களுக்கு மருந்து போனது. திட்டம் புஷ்ஷுடையது, அதற்கு நான் அவரை மனதாரப் பாராட்டுகிறேன். யாரும் வற்புறுத்தாமல், ஓட்டும் கிடைக்காத ஒரு கண்டத்துக்காகச் செய்தார்.

சோழமண்டலம்:

சரி, எல்லாரும் சொன்னதைப் படித்தேன். வைகைக்கரைக்கு ஒரு நேர்க்கேள்வி. வியட்நாமை ஜான்சன் தொடங்கவில்லை. ஐசன்ஹோவர் பணம் கொடுத்தார், கென்னடி 16,000 ஆலோசகர்களை அனுப்பினார். ஜான்சன் பதவிக்கு வந்தபோது பாதி ஆற்றில் நிற்கிறார். சீனாவைக் கம்யூனிஸ்டுகளிடம் இழந்தவர் என்று அதிபர் ட்ரூமனைக் கிழித்தது எல்லாருக்கும் நினைவில் இருந்த காலம். வியட்நாமை விட்டிருந்தால் வலதுசாரிகள் எழுந்து மெடிகேரும் போயிருக்கும், வாக்குரிமையும் போயிருக்கும். அவருக்கு வேறு வழி இருந்ததா? வேறு வழி இல்லாத மனிதனுக்கு எப்படி அறத்தீர்ப்பு எழுதுவீர்கள்?

வைகைக்கரை:

ஐயா, இந்த இழையில் கேட்கப்பட்டதிலேயே முக்கியமான கேள்வி இது. இதற்குப் பதில் சொல்ல ஆதாரம் இருக்கிறது, ஏனென்றால் ஜான்சன் தன் தொலைபேசிப் பேச்சுகளைத் தானே பதிவு செய்து வைத்தார், இன்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

1964 மே 27. வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்த டோன்கின் வளைகுடா தீர்மானத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. காலையில் ரஸ்ஸலோடு பேசுகிறார். இருவருமே இதில் வெற்றி இல்லை என்று நினைக்கிறார்கள். விட்டுவிட்டு வந்தால் தன்னைப் பதவியிலிருந்தே இறக்கிவிடுவார்கள் என்று ஜான்சன் பயப்படுகிறார். அன்றே தன் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் பேசும்போது, தன்னிடம் வேலை பார்க்கும் ஒரு சார்ஜென்டைப் பற்றிச் சொல்கிறார். ஆறு பிள்ளைகளின் அப்பா. அவனை நான் எதற்காக அங்கே அனுப்ப வேண்டும், இந்த நாட்டுக்கு அது எந்த வகையில் பெறுமதி என்று கேட்கிறார். சண்டை போடும் அளவுக்கு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெளியே வரவும் முடியாது என்கிறார். குரலைக் கேட்டால் ஒரு மனிதன் உள்ளுக்குள் உடைவது தெரிகிறது, எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வருகிறது. ஆனால் தெரியாமல் செய்தார் என்று இனி யாரும் சொல்ல முடியாது. தெரிந்தது, அனுப்பினார்.

அடுத்து, வழி இல்லை என்பது. 1964 நவம்பரில் 44 மாநிலங்களை வென்றார், 61 சதவீத ஓட்டு. செனட்டில் 68 பேர், பிரதிநிதிகள் அவையில் 295 பேர் அவர் கட்சி. 1965 பிப்ரவரியில் துணை அதிபர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி அவருக்கு ஒரு குறிப்பு எழுதினார்: வலதுசாரிகளைப் பற்றி ரொம்பக் கவலைப்படாமல் வியட்நாமிலிருந்து வெளிவர இந்த ஆண்டைப்போல இன்னொரு ஆண்டு கிடைக்காது, எதிர்த்து நின்ற வலதுசாரி வேட்பாளர் கோல்ட்வாட்டரை இவ்வளவு மோசமாகத் தோற்கடித்திருக்கிறோம், இப்போது முடியும் என்று. அரசியல்வாதி அரசியல்வாதிக்கு எழுதிய குறிப்பு அது, அறவுரை இல்லை. அதைப் படித்த ஜான்சன் ஹம்ஃப்ரியை வியட்நாம் கூட்டங்களிலிருந்து மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்தார். வெளியுறவுத் துணைச் செயலர் ஜார்ஜ் பால் 1964 அக்டோபரிலேயே பக்கம் பக்கமாக எழுதி, பிரெஞ்சுக்காரர்களுக்கு அங்கே நடந்ததுதான் நமக்கும் நடக்கும் என்று சொன்னார். ஆகவே வழியைக் காட்டியவர்கள் அவர் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மெடிகேரைக் காப்பாற்றப் போரை ஏற்றார் என்ற வாதத்தையும் பார்ப்போம். நடந்தது தலைகீழ். 1966 தேர்தலில் அவர் கட்சி பிரதிநிதிகள் அவையில் 47 இடங்களை இழந்தது. போர்ச் செலவு ஏற ஏற வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கான பணம் சுருங்கியது. மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4-ஆம் தேதி நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் இதைத்தான் சொன்னார். ஏழைகளுக்கான திட்டங்களைப் போர் விழுங்குகிறது, இங்கே ஒரே பள்ளியில் உட்கார முடியாத கறுப்பின, வெள்ளைப் பையன்கள் அங்கே சேர்ந்து குடிசைகளை எரிக்கிறார்கள் என்று. அந்தப் பேச்சுக்கு அப்புறம் ஜான்சன் அவரோடு உறவை முறித்துக்கொண்டார். வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட பேனாவை 1965-இல் கிங்கிடம் கொடுத்தவர் அவர்.

ஆகவே நான் சோழமண்டலம் ஐயாவின் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். செயல்திறன் அறத்தின் ஒரு பகுதி என்றால், இவ்வளவு திறமை உள்ளவருக்குப் பொறுப்பும் அவ்வளவு பெரியது. ரஸ்ஸலின் அணியையே உடைக்கத் தெரிந்தவருக்கு ஒரு போரை நிறுத்தத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. உள்நாட்டில் பயத்தை மீறினார், வெளிநாட்டில் பயத்துக்குப் பணிந்தார். அவர் காலத்தில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். போர் முழுவதும் செத்த வியட்நாமியர் பத்து லட்சத்துக்கும் மேல்.

மலர்விழி:

இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு அளவுகோல் தெளிவாகிறது. செய்யும்போது அவருக்கு என்ன தெரிந்திருந்தது, கூட இருந்தவர்கள் யாராவது வேறு வழி காட்டினார்களா. இதை வைத்து ரூஸ்வெல்ட்டையும் பார்க்கலாம். 1942 பிப்ரவரி 19-ஆம் தேதி உத்தரவு 9066, சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள், மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். அப்போதே அவருடைய அட்டர்னி ஜெனரல் பிரான்சிஸ் பிடில் இது தேவையில்லை என்று எதிர்த்தார். காலம் அப்படி என்ற சாக்கு அங்கேயும் நிற்காது. பட்டியலில் ரூஸ்வெல்ட் எப்போதும் முதல் மூன்றில்தான்.

லிங்கனுக்கு இதே கேள்வியைப் போட்டால் வேறு பதில் வருகிறது. 1862-இல் மின்னசோட்டாவில் 303 டகோட்டா பழங்குடியினருக்கு ராணுவ நீதிமன்றம் தூக்கு விதித்தது. சில விசாரணை சில நிமிடத்தில் முடிந்தது. தூக்கில் போடு என்று மாநிலமே கத்தியது. லிங்கன் உள்நாட்டுப் போர் நடுவே ஒவ்வொரு வழக்குக் காகிதத்தையும் வரவழைத்துப் பார்க்கச் சொல்லி 39 பேருக்குக் குறைத்தார், கடைசியில் 38 பேர். ஒரே நாளில் 38 பேரைத் தூக்கிலிட்டது அமெரிக்க வரலாற்றில் மிகப் பெரியது, அது அவர் கையெழுத்தில்தான் நடந்தது. மன்னிக்க முடியுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் ஓட்டுக்காக அவர் காகிதத்தைப் படிக்காமல் விடவில்லை.

சோழமண்டலம்:

ஹம்ஃப்ரி குறிப்பு கனமான ஆதாரம், அதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். இருந்தாலும் வைகைக்கரையின் இரண்டு தீர்ப்பு முறையில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே வைத்துவிட்டால் ஒருவரை ஒருவரோடு ஒப்பிடவே முடியாது. அடுத்து வருகிற அதிபரிடம் யாரைப்போல நட என்று சொல்வது?

வைகைக்கரை:

வாக்குரிமையில் ஜான்சனைப்போல நட, வியட்நாமில் ஜார்ஜ் பால் சொன்னதைக் கேள் என்று சொல்லலாம் ஐயா. முழு மனிதனையும் எடுத்துக்கொள் என்று யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

தோழர்_கதிர்:

ஒப்பிட வேண்டும் என்றால் அதிபர் கிராண்ட்டை எடுங்கள். 2000 பட்டியலில் 33-ஆவது இடம், 2021-இல் 20. ஆள் செத்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது, புதிதாக ஒன்றும் செய்யவில்லை. மாறியது எதைக் கேள்வி கேட்கிறோம் என்பதுதான். முன்பு ஊழல் மட்டும் கண்ணில் பட்டது. இப்போது, 1871-இல் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைத்துக் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை அவர் உடைத்ததும் கண்ணில் படுகிறது. அதே காலத்தில் அதிபர் ஜாக்சன் 13-இலிருந்து 22-க்கு இறங்கினார், 1830-இல் செரோக்கி மக்களையும் மற்ற பழங்குடிகளையும் மண்ணைவிட்டு அகற்றச் சட்டம் கொண்டுவந்தவர். அவர்கள் பேரன் பேத்திகள் பல்கலைக்கழகத்துக்குள் வந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் இறங்கினார். மதிப்பெண் போடும் அறையில் இன்னும் ஒரு வியட்நாமியக் குடியானவரின் குடும்பம் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஜான்சனுக்கு 11 கிடைக்குமா என்று முத்து சொல்லட்டும்.

டல்லாஸ்_முத்து:

கிடைக்காது தோழர். ஹூஸ்டனில் வியட்நாமியக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, 1975-க்கு அப்புறம் படகில் வந்தவர்கள். அவர்களில் பலர் ஜான்சனைத் திட்டுவது நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை, போரைச் சரியாக நடத்தி முடிக்கவில்லை என்பதற்காக. வடக்கில் இருந்தவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். அந்த அறையில் அவர்கள் உட்கார்ந்தாலும் ஒரே மதிப்பெண் வராது. ஆனாலும் அவர்களைக் கேட்காமல் போடுகிற மதிப்பெண்ணைவிட அது எனக்கு நம்பிக்கையாக இருக்கும்.